பைந்தூரில் இரண்டு நிமிடம்

குட்டி கொலுசு போட்டிருக்காளா? அதான் பார்த்தேன். மங்களூர்ல நீங்க ஏறுனதுல இருந்து சத்தம் கேட்டுட்டே இருக்குது. ஓடட்டும் விடுங்க தம்பி, அதட்டாதீங்க. எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க. நீங்களும் தங்கச்சியும் பேசறதைக் கேட்டாலே தெரியுது, நம்ம பக்கந்தான். பெருந்துறையா? அப்படிச் சொல்லுங்க. நான் கோயமுத்தூருங்க, சிங்காநல்லூர். பேரு சென்னியப்பன். மோட்டார் பம்ப் கம்பெனியில இருபத்தாறு வருசம்.

கொல்லூருக்குங்களா? மூகாம்பிகை கோயில்ல வச்சுக் குட்டிக்கு எழுத்து ஆரம்பிக்கப் போறீங்களா. நல்ல காரியம். பைந்தூர் ஸ்டேசன்ல இறங்கிக்கணும். வெளிய வந்தீங்கன்னா ஜீப்பு நிக்கும், ஆளுக்கு இத்தனைன்னு ஏத்திக்கிட்டுப் போவானாம். ரெண்டே நிமிசந்தான் வண்டி நிக்கும், அதனால கொஞ்சம் முன்னாலயே பையெல்லாம் வாசப்பக்கம் கொண்டாந்து வச்சுக்கங்க. கோயில் எப்படி இருக்குமா? அது எனக்குத் தெரியாதுங்க. நாலு வருசமா மாசம் ஒருக்கா அந்தக் கோயிலுக்குத்தான் போயிட்டிருக்கேன், ஆனா ஒருதடவைகூடப் போனதில்லை. அப்படிப் பார்க்காதீங்க, சொல்றேன். இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்குது.

நான் போறது கோவாவுக்குங்க. மட்காவ்ல இறங்கி, பஸ் பிடிச்சு ஒரு மணி நேரம். ஆத்துல கப்பல் நிக்கும். சூதாட்டக் கப்பல்னு நம்ம சனம் சொல்லும். அது பாதிதான் சரி. சக்கரம் சுத்துறது, மிசின்ல பட்டனை அமுக்குறது, அதெல்லாம் கீழ் மாடியில. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. நான் போறது மூணாவது மாடி. போக்கர். அது மூளைக்கு வேலைங்க.

இந்த சனி ஞாயிறு என் பிளான் சொல்றேன் கேளுங்க. இன்னிக்கு வெள்ளி. சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் சுத்து. நூத்திப் பத்துப் பேரு பேர் குடுத்திருக்காங்க. இன்னிக்கு நான் அவசரப்பட மாட்டேன். சின்னப் பசங்கதான் குதிப்பானுங்க, குதிச்சுப் பாதிப் பேர் இன்னிக்கே வெளிய போயிருவான். நாளைக்கு மத்தியானம் ரெண்டாவது சுத்து. அதுல கொஞ்சம் கை ஓங்கணும். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குக் கடைசி மேசை, ஒன்பது பேரு. அது முடியறதுக்குப் பொழுது இறங்கி ஏழு எட்டு ஆயிடும். முடிஞ்ச உடனே ஜெயிச்ச ஆளை நிக்க வச்சு டிவிக்காரங்க பேட்டி எடுப்பாங்க. எனக்கு அந்தப் பேட்டிதாங்க வேணும். சத்தியமாக் காசு ரெண்டாவதுதான். போன தடவை குடுத்த பேட்டி சரியா அமையலை. அதைச் சரி பண்ணணும்.

ஆமாங்க, டிவியில வந்திருக்கேன். என் முகத்தைப் பார்த்த உடனே எங்கியோ பார்த்த மாதிரி இருந்திருக்கணுமே. இல்லையா? சரி, உங்க வீட்டுல அந்தச் சேனல் வராது போல.

ஆட்டம் தெரியுங்களா? ரம்மி மாதிரி இல்லீங்க. ஆளுக்கு ரெண்டு சீட்டு, கவுத்து வச்சுக்கணும். நடு மேசையில அஞ்சு சீட்டு ஒவ்வொண்ணாத் திறப்பாங்க, அது எல்லாருக்கும் பொது. ரெண்டையும் சேர்த்து எவன் கை பெருசோ அவனுக்கு. ஆனா கை பெருசா இருக்கணும்னே இல்லை. எதிராளி நம்பணும், அவ்வளவுதான். அவன் கையில என்ன இருக்குதுன்னு அவன் மூஞ்சியை வச்சு நாம கண்டுபிடிக்கணும். எனக்கு அது பழக்கமுங்க. கம்பெனியில நான் பார்க்கிறதும் அதே வேலைதான். மோட்டாரை ஓட விட்டுக் காது வச்சுக் கேட்டாப் போதும், பேரிங் போயிருக்குதா, சாப்ட் வளைஞ்சிருக்குதான்னு சொல்லிடுவேன். மனுசனும் அப்படித்தான். ஒருத்தன் உள்ளுக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரிஞ்சு போயிரும்.

கத்துக்குட்டி பண்ற தப்பு ஒண்ணே ஒண்ணுதாங்க. கை நல்லா இல்லைன்னு அவனுக்கே தெரியும். இருந்தாலும், இவ்வளவு தூரம் வந்தாச்சு, இனி எப்படி விடறதுன்னு உள்ளயே உக்காந்திருப்பான். அங்கதான் கெட்டான். சீட்டைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சுப் போகத் தெரிஞ்சவன்தான் ஆட்டக்காரன். இதை நான் பேட்டியில அழகாச் சொன்னேன். அதையும் வெட்டிட்டாங்க.

இதைப் பாருங்க. பரவால்ல, கையில வாங்கிப் பாருங்க. ஆமாங்க, குழந்தைக் கொலுசுதான். எம்பொண்ணு பிரதீபாவுக்கு ஒரு வயசு பொறந்தநாளுக்குப் பெரிய கடை வீதியில எடுத்தது. இது ஒண்ணு. இதோட ஜோடி வீட்டுல பீரோவுல இருக்குது. சலங்கை ஏழு இருக்கும் பாருங்க, இன்னும் ஒண்ணுகூட விழலை.

இது எதுக்குன்னா, நம்ம ரெண்டு சீட்டு மேல ஏதாச்சும் ஒரு சாமானை வச்சுக்கணும். வைக்கலைன்னா, நாம வேண்டாம்னு விட்ட சீட்டுன்னு நெனச்சுச் சீட்டுப் போடுற பொண்ணு இழுத்துக்கும். ஒவ்வொருத்தன் ஒவ்வொண்ணு வச்சிருப்பான். ஒருத்தன் கல்லு வச்சிருப்பான், ஒருத்தன் வெளிநாட்டு நாணயம். நான் இதை வச்சிருக்கேன். ரெண்டு சீட்டு மேல வளைச்சு வச்சா அளவெடுத்த மாதிரி உக்காரும். அந்த மேசையில என்னை எல்லாருக்கும் தெரியும்னா இதாலதான். நான் சீட்டை லேசாத் தூக்கிப் பார்க்கும்போது கிணிங்னு ஒரு சத்தம் வரும். நல்ல கை வந்துட்டா என் கை கொஞ்சம் நடுங்குமுங்க, வயசாச்சுல்ல, அப்போ கொஞ்சம் கூடுதலாச் சத்தம் வரும். பெங்களூர்ப் பையன் ஒருத்தன், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், ஒருநாள் சொன்னான், “அங்கிள், அந்தக் கொலுசை எடுத்து உள்ள வச்சுட்டு ஆடுங்க, அது பேசுது”ன்னு. மேசையே சிரிச்சுது. எனக்குத் தெரியாதா? பொறாமைங்க. என்கிட்ட இருக்கற ராசியான பொருளைக் கழட்ட வைக்கப் பார்க்கறான். நான் எடுக்கவே இல்லை.

ஜெயிச்சிருக்கேனான்னு கேக்கறீங்களா? ஒன்பதாவது வந்திருக்கேனுங்க. ரெண்டு வருசம் முன்னாடி. போட்டோ எடுத்தாங்க, தொப்பி குடுத்தாங்க. எத்தனை பேர்லயா? அது சின்ன ஆட்டம், பதினோரு பேரு. ஆனா ஒன்பது ஒன்பதுதானே.

இப்போ கோயில் விசயத்துக்கு வர்றேன். மொதமொத ஆபீஸ் ஆளுங்களோட டூர் போனப்போதான் இந்த ஆட்டத்தைப் பார்த்தேன். அப்புறம் போகணும்னு தோணுச்சு. வீட்டுல என்னன்னு சொல்றது? எங்க வீட்டுக்காரி கலாமணி, கோவான்னாலே ஒரு மாதிரி பார்ப்பா. வண்டி எந்த வழியாப் போகுதுன்னு பார்த்தேன். மூகாம்பிகை ரோடு பைந்தூர்னு ஒரு ஸ்டேசன் இருந்துச்சு. சரி, அம்மனுக்கு வேண்டுதல், மாசம் ஒருக்கா வர்றேன்னு வேண்டியிருக்கேன், பிரதீபாவுக்கு நல்ல இடம் அமையணும்னு சொல்லிட்டேன். அவ்வளவுதாங்க. அதுக்கப்புறம் ஒரு கேள்வி கிடையாது. நான் கிளம்புற வியாழக்கிழமை அவளே பையைக் கட்டி வைப்பா. துளசி மாலை ஒண்ணு வாங்கிப் போட்டுவிட்டா. நான் வர்ற வரைக்கும் அவ ஒருவேளைச் சாப்பாடுதான். நான் இருன்னு சொல்லலீங்க, அவளா இருந்தா.

திரும்பி வரும்போது குங்குமம் கொண்டு போகணுமில்ல. அது கஷ்டமே இல்லை. நம்மூர் டவுன்ஹால் பக்கம் பூசைச் சாமான் கடையில பொட்டலம் கிடைக்கும். கோயமுத்தூர்ல இறங்கி, அதை வாங்கி, வாழை நார் சுத்தி எடுத்துட்டுப் போவேன். குங்குமம் எங்க வாங்குனாலும் குங்குமந்தானே. நாலு வருசம் அதைத்தான் நெத்தியிலயும் வகிட்டுலயும் வச்சா. அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் காகிதத்துல மடிச்சு மடிச்சுக் குடுப்பா. மேல் வீட்டு அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுப் போச்சுன்னாங்க. அப்போ அதுல சக்தி இருந்துச்சுன்னுதானே அர்த்தம்?

வரமும் கிடைச்சுதுங்க, அதையும் சொல்லணும். பிரதீபாவுக்கு உடுமலையில நல்ல இடம் அமைஞ்சுது. சம்பந்தி நாச்சிமுத்து, தேங்காநார் மில்லு வச்சிருக்கார். தங்கமான மனுசன். மாப்பிள்ளையும் அப்படித்தான். பொண்ணு பார்க்க வந்தப்பவே என் மாலையைப் பார்த்துட்டு, “மாசாமாசம் கோயிலுக்குப் போற மனுசன் வீட்டுல பொண்ணு எடுக்கறதுக்கு யோசிக்க வேண்டியதில்லை”ன்னாரு சம்பந்தி. கலாமணிக்கு அப்படி ஒரு பூரிப்பு.

உடுப்பி தாண்டிருச்சா? டீ சாப்பிடறீங்களா? குட்டிக்கு அந்த பிஸ்கட் வேண்டாங்க, நமுத்திருக்கும்.

அந்தப் பேட்டி எடுத்தது மூணு மாசத்துக்கு முன்னாடி. நான் அன்னிக்குச் சீக்கிரமே ஆட்டத்துல இருந்து வெளிய வந்துட்டேன். சனிக்கிழமை மத்தியானமே. மேல் தட்டுல தனியா உக்காந்து புளிச்சாதம் சாப்பிட்டுட்டு இருந்தேன், கலாமணி கட்டிக்குடுத்தது, கெட்டுப்போகாம இருந்துச்சு. அப்போ நம்ம தமிழ்ச் சேனல் பொண்ணு ஒண்ணு, கேமராக்காரனோட வந்துச்சு. அத்தனை பேரு இருக்காங்க, கோட்டுப் போட்டவன், கண்ணாடி போட்டவன்னு. எல்லாரையும் விட்டுட்டு நேரா என்கிட்ட வந்துச்சுங்க. துளசி மாலை, நெத்தியில குங்குமம், கையில சாப்பாட்டு டப்பா. யாரோ சொல்லியிருப்பாங்க, ஒன்பதாவது வந்தவர் இவருதான்னு.

நல்ல பொண்ணு. “அங்கிள், அங்கிள்”னு மரியாதையாப் பேசுச்சு. எவ்வளவு நாளா ஆடறீங்க, என்ன தோணும், தோத்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், தோக்கறதுங்கறது ஒண்ணு கிடையாதும்மா, கத்துக்கறதுதான்னு. அப்புறம் கொலுசைப் பார்த்துட்டு, “இது என்ன அங்கிள்”னுச்சு. நான் எடுத்துக் காட்டினேன். “இது எம்பொண்ணு பிரதீபா. ஒவ்வொரு ஆட்டத்துலயும் என்கூடவே மேசையில இருப்பா. இவ இல்லாம நான் சீட்டைத் தொடறதில்லை”ன்னேன். ஆட்டிக்கூடக் காட்டினேன், மைக்ல சத்தம் பதியட்டும்னு. அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி வந்துச்சுங்க. நான் பார்த்தேன். அப்பா பாசத்தைப் புரிஞ்சுக்கிட்ட பொண்ணு.

கடைசியா, வீட்டுல தெரியுமான்னு கேட்டுச்சு. நான் சிரிச்சுட்டு, வீட்டுல அம்மன் கோயிலுக்குப் போறதாச் சொல்லியிருக்கேன், அம்மனும் இந்த லைன்லதானே இருக்கா, மேல இருந்து பார்த்துக்குவான்னேன். சொன்னதும் சுதாரிச்சுட்டு, இதை மட்டும் போட்டுறாதம்மான்னேன். “சரி அங்கிள்”னு தலையாட்டுச்சு. முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்ற முகமே இல்லீங்க. முகத்தை மறைச்சுக் காட்டவான்னு கேட்டதுக்கு, எதுக்கு மறைக்கணும், நல்லாக் காட்டும்மான்னு கையெழுத்தும் போட்டுக் குடுத்தேன்.

அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, காலையில பதினோரு மணிக்கு ஒளிபரப்பாகும்னு போன் வந்துச்சு. அன்னிக்குப் பார்த்து சம்பந்தி வீட்டுல இருந்து கல்யாணப் பத்திரிகை புரூஃப் பார்க்க எங்க வீட்டுக்கு வர்றாங்க. எனக்கு என்ன தோணுச்சுன்னா, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. விளையாட்டுச் செய்தி மாதிரி போடுவாங்க, சென்னியப்பன், கோவை, ஒன்பதாவது இடம்னு கீழ எழுத்து ஓடும். கோயிலுக்குப் போன இடத்துல ஒருதடவை சும்மா ஆடிப் பார்த்தேன்னு சொல்லிக்கலாம். டிவியில வந்த மனுசனை வீட்டுல யாரு என்ன கேட்கப் போறாங்க? நாலு வருசமா உள்ளுக்குள்ள வச்சிருந்ததை ஒரே தடவையில இறக்கி வச்சுடலாம்னு பார்த்தேன். எனக்கும் பாரமாத்தானே இருந்துச்சு.

எல்லாரும் ஹால்ல உக்காந்திருக்காங்க. மைசூர்பாகு, மிக்சர், காபி. சம்பந்தி கண்ணாடி போட்டுட்டுப் பத்திரிகையில பேரெல்லாம் விரல் வச்சுச் சரி பார்க்கறார். நான்தான் எந்திரிச்சுப் போய் டிவியைப் போட்டேன். “அஞ்சு நிமிசம் எல்லாரும் இதைப் பாருங்க, ஒரு அதிசயம் இருக்குது”ன்னு சொன்னேன். சத்தத்தைக் கூட்டி வச்சேன்.

மொதல்லயே எனக்குப் பிடிக்கலைங்க. அழுகாச்சி மியூசிக். “சீட்டு தின்ற குடும்பங்கள்”னு கொட்டை எழுத்துல போட்டாங்க. ஒரு பொம்பளை, முகத்தைக் காட்டலை, புருசன் போன கதையைச் சொல்லி அழுகுறா. அடுத்தது ஒரு பையன், அவன் முகத்தையும் மறைச்சிருக்காங்க. அப்புறம் நான். நான் மட்டும் பளிச்சுன்னு தெரியறேன். சிரிச்சுட்டு இருக்கேன். மாலை, குங்குமம், எல்லாம். கோயிலுக்குப் போறதாச் சொல்லியிருக்கேன்னு நான் சொன்னதைத்தான் மொதல்ல போட்டாங்க. ரெண்டுதடவை போட்டாங்க. அப்புறம் கொலுசு. பிரதீபா பேரு. கொலுசை ஆட்டறதை மெதுவா ஓட விட்டு, சத்தத்தை மட்டும் தனியாக் கேக்கற மாதிரி வச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் ஒரு டாக்டர் வந்து, இந்த மனுசன் சிரிக்கிறதைக் கவனிங்க, தனக்கு நோய் இருக்குதுன்னு தெரியாத கட்டம் இதுதான்னு சொல்றார்.

நான் கடைசி வரைக்கும் பார்த்தேனுங்க, ஒன்பதாவது வந்ததைச் சொல்லுவாங்கன்னு. சொல்லவே இல்லை.

சம்பந்தி பத்திரிகையை மடிச்சு டீப்பாய் மேல வச்சார். “கோயிலுக்குன்னுதானுங்க சொன்னீங்க”ன்னார், அவ்வளவுதான். கலாமணி எந்திரிச்சு சாமி ரூமுக்குப் போனா. குங்குமச் சிமிழை எடுத்துட்டுப் பின்னால போனா. குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டுச்சு. அதுல இருந்து அவ ஸ்டிக்கர் பொட்டுதான் வச்சுக்கறா. இப்போ எல்லாரும் அதைத்தானே வைக்கறாங்க. என்கிட்டப் பேசறதும் இல்லை. சோறு போட்டு மூடி வச்சிருவா.

மாப்பிள்ளை நல்ல பையன். எனக்கு இந்தப் பொண்ணுதான், வேற பேச்சு இல்லைன்னு நின்னுட்டாரு. அதனால கல்யாணம் நிக்கலை. ஆனா பிரதீபா என்னைப் பார்த்து ஒண்ணு சொன்னா தம்பி. அழுகலை, கத்தலை. “என்னை அந்த மேசையில வச்சிருக்கீங்கப்பா. நாலு வருசமா”ன்னா. வலிச்சுதுங்க. பொய் சொல்ல மாட்டேன், இங்க வலிச்சுது. பாசத்துல எடுத்துட்டுப் போன பொருளை இப்படியும் ஒருத்தர் பார்க்க முடியுமான்னு இருந்துச்சு. அவ பொறந்தப்போ ஆஸ்பத்திரி வாசல்ல ராத்திரி பூரா நின்ன ஆளு நான்.

கல்யாணம் எப்போன்னு கேக்கறீங்களா? வர்ற ஞாயித்துக்கிழமைங்க. இந்த ஞாயித்துக்கிழமைதான். முகூர்த்தம் ஒன்பதுல இருந்து பத்தரை. உடுமலையில மண்டபம்.

நான் எப்படிப் போறது? என்னைத்தான் வர வேண்டாம்னுட்டாங்களே. இல்லை, வாயைத் திறந்து அப்படிச் சொல்லலை. எங்க அண்ணன் வந்து கேட்டார், “தாரை வார்த்துக் குடுக்க நீ உக்காருறியா, இல்லை நானும் உங்க அண்ணியும் உக்காரணுமா, ஒண்ணு சொல்லு”ன்னு. நீங்களே உக்காருங்கன்னுட்டேன். மானம் இருக்குதில்ல. எல்லாருக்கும் முன்னாடி போய் நின்னா, அந்த டாக்டர் சொன்ன ஆள் இவன்தான்னு சனம் பார்க்கும். ஜெயிச்சுட்டுப் போய் நின்னா அது வேற.

பிரதீபாவா? அவ என்ன சொன்னான்னா... போன வாரம் என் ரூமுக்கு வந்தா. “அப்பா, நீங்க வரணும். பெரியப்பாவும் பெரியம்மாவும் உக்காந்தா எனக்கு ஆகாது, நீங்கதான் வேணும். அந்தக் கொலுசைக் கொண்டாந்து என் கையில குடுங்க. இனிமேல் போகலைன்னு சொல்லுங்க. சத்தியமெல்லாம் வேண்டாம், வாய் வார்த்தையாச் சொன்னாப் போதும், நான் நம்பிக்கறேன்”னா. நான் தர மாட்டேன்னு சொல்லலீங்க. இந்த ஒரு ஆட்டம் முடியட்டும் அம்மிணி, திங்கக்கிழமை நானே கொண்டாந்து உன் கையில தர்றேன்னேன். இந்த ஆட்டத்துக்கு அவ கல்யாணத் தேதி குறிக்கறதுக்கு முன்னாடியே பேர் குடுத்தாச்சு. இது இல்லாம நான் எப்படி ஆடறது? அவ சரிங்கப்பான்னுட்டுப் போயிட்டா. புரிஞ்சுக்கிட்டா.

நேத்துக் காலையில எல்லாரும் வேன்ல உடுமலைக்குக் கிளம்பினாங்க. நான் மாடியில இருந்து பார்த்துட்டு இருந்தேன். எல்லாரும் ஏறியாச்சு, கதவு சாத்தியாச்சு, வேன் கிளம்பாம ஒரு பத்து நிமிசம் அப்படியே நின்னுச்சு. டிரைவர் டயருல காத்து பார்த்திருப்பாப்ல. பிரதீபா ஜன்னலோரம் உக்காந்து மேல பார்த்துட்டே இருந்தா. அப்புறம் கிளம்பிருச்சு. நான் சாயங்காலம் ஸ்டேசனுக்கு வந்துட்டேன்.

நீங்க பார்க்கறது புரியுது. ஆனா பேட்டியில நான் என்ன பேசப் போறேன்னு கேட்டீங்கன்னா இப்படிப் பார்க்க மாட்டீங்க. மனப்பாடமா வச்சிருக்கேன். “என் பெயர் சென்னியப்பன். இன்று காலை உடுமலையில் என் மகள் பிரதீபாவுக்குத் திருமணம் நடந்தது. இந்த வெற்றியை அவளுக்குச் சீராகக் கொடுக்கிறேன். போன முறை என்னைப் பற்றி ஒளிபரப்பியது முழு உண்மை அல்ல.” இதுல ஒரு சொல்லுகூட வெட்ட முடியாது, ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கேன். அந்த மண்டபத்துல சாப்பாட்டு ஹால்ல பெரிய டிவி இருக்குதுங்க, நான் போய் விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். ஜெயிச்ச ஆள் பேட்டியை அப்பவே போட்டுருவாங்க, சாயங்காலம் வரவேற்புல சனம் சாப்பிட்டுட்டு இருக்கும்போது ஓடும். கலாமணி பார்ப்பா. அந்தம்மா, சம்பந்தியம்மா, பார்ப்பாங்க. அப்போ தெரியும்.

இந்தத் தடவை சேனல்காரங்க வருவாங்களான்னா? வருவாங்க. வராம எங்க போறாங்க. அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணினேன், எடுக்கலை. வேலையா இருக்கும்.

வண்டி மெதுவாப் போகுதே. இந்தப் பாலம் வந்தாச்சுன்னா பைந்தூர் வந்தாச்சு. தங்கச்சி, குட்டியைத் தூக்கிக்கங்க, செருப்பு சீட்டுக்கடியில இருக்குது பாருங்க. பையை நான் எடுத்துட்டு வர்றேன், நீங்க நடங்க.

தம்பி, அந்தக் கொலுசு. உங்க கையிலதான் இருக்குது. குடுங்க.

என்ன, இறங்கச் சொல்றீங்களா? எனக்கு அந்த வண்டி தெரியாதா? நாலு மணிக்குத் திரும்பற வண்டி, ராத்திரி மங்களூர்ல மாறினா நாளைக்குக் காலையில கோயமுத்தூர். அங்கிருந்து உடுமலை ரெண்டு மணி நேரம். முகூர்த்தத்துக்கு ஒருநாள் முன்னாடியே போய் நிக்கலாம். கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாம இல்லை. ஆனா பேர் குடுத்தாச்சு. இவ்வளவு தூரம் வந்தாச்சு, இனி எப்படி விடறது?

குடுங்க தம்பி. ஏன் கையை மூடிக்கறீங்க? நீங்க நல்ல மனுசன், ஆனா ஆட்டத்துக்கு ஆக மாட்டீங்க. உள்ள இருக்கறது எல்லாம் முகத்துல எழுதியிருக்குது. இது என் பொண்ணோடது. குடுங்க. ஆங். பேப்பர்ல சுத்தி இந்தப் பையிலதான் வைப்பேன், இல்லைன்னா வழியெல்லாம் சத்தம் போடும்.

நீங்க எப்போ திரும்பறீங்க? ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி வண்டியா? அட, நானும் அதே வண்டிதான். டிக்கெட் போட்டிருக்கேன், மட்காவ்ல ஒரு மணிக்கு ஏறணும். கடைசி மேசை முடிய ஏழு எட்டு ஆகும்னு சொன்னேன்தான். ஆமா. டிக்கெட் எப்பவும் அந்த வண்டிக்குத்தான் போடறது. பழக்கமுங்க. வேற ஒண்ணும் இல்லை.

அப்போ ஒரு உதவி பண்ணுங்க தம்பி. கோயில்ல கலாமணி பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணி, குங்குமம் ஒரு பொட்டலம் வாங்கி வைங்க. அம்மன் காலடியில வச்சு எடுத்தது. நாலு வருசம் கடைக் குங்குமம் குடுத்துட்டேன், ஒருதடவையாச்சும் நிஜமானதைக் கொண்டு போய்க் குடுக்கணும். வாங்கிக்குவாளான்னு தெரியலை. இருந்தாலும். நட்சத்திரமா? கலாமணிக்கு என்ன நட்சத்திரம்... பேரு மட்டும் சொல்லிப் பண்ணுங்க.

பார்த்து இறங்குங்க, பிளாட்பாரம் தாழ்வு. குட்டி, டாட்டா சொல்லு. நான் எஸ் நாலு பெட்டியில இந்த வாசப்படியிலயே நிப்பேன், ஞாயித்துக்கிழமை. நீங்க தேட வேண்டாம். குங்குமத்தைக் கையை நீட்டி என்கிட்டக் குடுத்துட்டு உங்க பெட்டியில ஏறிக்கங்க. ரெண்டு நிமிசம் நிக்கும் தம்பி. நான் இறங்க வேண்டிய வேலையே இல்லை.